பல்கலைக்கழக நூலகத்தில் புதிய தேடுமுறை: எதற்கு, எப்படி, தமிழ் நூல்களின் கதி என்ன?

ஒரு நூலகத்தின் பெருமையை, அங்கே எத்தனை லட்சம் நூல்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது நம் வழக்கம். எண்ணிக்கை பெருகப் பெருக ஒரு சிக்கலும் கூடவே பெருகுகிறது. வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது? அலமாரியில் பத்திரமாக இருந்தும் தேடுகிறவர் கண்ணில் படாத நூல், இல்லாத நூலுக்குச் சமம்தான். இந்தக் காரணத்தால்தான் உலகெங்கும் பல்கலைக்கழக நூலகங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் தங்கள் தேடுமுறையை மாற்றி வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இதை ‘டிஸ்கவரி’ என்கிறார்கள். இக்கட்டுரையில் ‘கண்டறி தளம்’ என்று எழுதுகிறேன்.

இது நூலகர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய சமாசாரம் இல்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். இல்லை. தில்லி, காசி, அலிகார் போன்ற ஊர்களில் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்கெல்லாம் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. தேடுமுறை மாறும்போது அந்தப் புத்தகங்கள் வெளிச்சத்துக்கு வருமா, இன்னும் ஆழத்தில் புதைந்துபோகுமா என்பது நம்மையும் தொடுகிற கேள்வி.

அட்டைப் பெட்டியும் கணினியும்

சென்ற தலைமுறையினருக்கு நூலகம் என்றாலே வாசலில் இருக்கும் மர இழுப்பறைகள்தான் நினைவுக்கு வரும். ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, நூற்பெயருக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஓர் அட்டை. இரும்புக் கம்பியில் கோத்த அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும்.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற கணினி நிரலாளர் தலைமையில் ‘மார்க்’ என்ற பதிவு வடிவம் உருவானது. அட்டையில் இருந்த ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஆசிரியருக்கு 100, நூற்பெயருக்கு 245, பொருளுக்கு 650 என்ற இந்த எண்கள் இன்றைக்கும் நூலகர்களின் வாயில் சரளமாக வரும். இந்தப் பதிவுகளைக் கணினித் திரையில் தேடும் வசதியே ‘ஓபேக்’ எனப்படும் கணினிப் பட்டியல். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1991இல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் மையம் ‘சோல்’ என்ற மென்பொருளைத் தந்தது. நியூசிலாந்தில் ஒரு சிறிய பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு சனவரியில் செயலுக்கு வந்த ‘கோஹா’ என்னும் இலவச மென்பொருளும் இங்கே பரவலாகப் புழங்குகிறது. ‘கோஹா’ என்றால் மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள்.

ஓபேக்குக்கு எட்டாதது

ஓபேக் நல்ல கருவிதான். ஆனால் அட்டைப் பெட்டி செய்த வேலையையே அது கொஞ்சம் வேகமாகச் செய்தது, அவ்வளவுதான். ஓர் ஆய்வு மாணவருக்கு முக்கியமாகத் தேவைப்படுவது ஆய்வேடுகளில் வெளிவரும் கட்டுரைகள். ஓபேக்கில் ஆய்வேட்டின் பெயர் இருக்கும், உள்ளே உள்ள கட்டுரைகள் இருக்காது. கட்டுரை வேண்டுமென்றால் ஒவ்வொரு பதிப்பாளரின் தளத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஒரு தளத்தில் ஒருவிதமான தேடுபெட்டி, இன்னொன்றில் வேறுவிதம். எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். தெரியாதவர் நேரே கூகுளுக்குப் போய்விடுவார். அங்கே கட்டுரையைக் கண்டுபிடித்துச் சொடுக்கினால், படிக்கப் பணம் கட்டு என்று நிற்கும். அதே கட்டுரைக்குத் தம்முடைய பல்கலைக்கழகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நூலகத்தின் பணமும் வீண், மாணவரின் நேரமும் வீண்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. ‘ஒரு நாடு ஒரு சந்தா’ என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சிறிய ஊரில் உள்ள அரசுக் கல்லூரிக்கும் பெரிய ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே கதவு! நல்ல காரியம்தான். ஆனால் பதின்மூவாயிரம் இதழ்களில் தனக்கு வேண்டியது எது என்று மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வீட்டுக்குள் களஞ்சியத்தைக் கொண்டுவந்து வைத்தாயிற்று, சாவி எங்கே என்றுதான் இனிக் கேட்க வேண்டும்.

ஆள் அனுப்புவதும் பேரேடு எழுதுவதும்

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேட முதலில் செய்த முயற்சிக்குக் கூட்டுத் தேடல் என்று பெயர். பத்துக் கடைகளுக்கும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்பி, “இந்தச் சரக்கு இருக்கா?” என்று கேட்டுவரச் சொல்வதைப் போன்றது அது. பத்துப் பேரும் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவன் வழியிலேயே காணாமல் போவான். வந்தவர்கள் கொடுக்கும் பட்டியலில் ஒரே பொருள் நாலு தடவை இருக்கும். எது முக்கியம், எது அற்பம் என்று தரம் பிரிக்கவும் வழியில்லை.

கண்டறி தளம் இதைத் தலைகீழாக்கியது. கடைக்காரர்கள் எல்லோரிடமும் சரக்குப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி ஒரே பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டால், கேட்டவுடன் அந்தப் பேரேட்டைப் புரட்டிச் சொல்லிவிடலாம் அல்லவா? நூலகத்தின் ஓபேக் பதிவுகள், பதிப்பாளர்கள் தரும் கட்டுரை விவரங்கள், பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியம் எல்லாவற்றையும் முன்னரே திரட்டி ஒரே மைய அடைவாகக் கட்டுகிறார்கள். தமிழறிஞர்களுக்கு இதை விளக்குவது எளிது. சங்க நூற்பதிப்புகளின் இறுதியில் சொல்லடைவு இருக்கும். ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் எந்தெந்த அடியில் வருகிறது என்று காட்டும். கணினி செய்வதும் அந்தச் சொல்லடைவைத்தான். கோடிக்கணக்கான பதிவுகளுக்குச் செய்கிறது என்பதுதான் வேறுபாடு.

கிடைத்தவற்றை வரிசைப்படுத்தவும் அது கணக்குப் போடுகிறது. தேடிய சொல் தலைப்பில் இருந்தால் அதிக மதிப்பெண், சுருக்கத்தில் இருந்தால் குறைவு. எங்கும் காணப்படும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமான சொல்லுக்கு மதிப்பு அதிகம். பிறகு மாணவர் ஒன்றைச் சொடுக்கியதும் ‘இணைப்புத் தீர்வி’ என்ற இன்னொரு கருவி வேலை செய்கிறது. இந்த ஆண்டின் இந்த இதழுக்கு நம் நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா, எந்தத் தளத்தில் என்று பார்த்து, நேரே அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டெ சோம்பல் என்பவர் 1990களின் இறுதியில் செய்த பணியிலிருந்து வளர்ந்தது இது. நம்மிடம் இல்லாத நூலென்றால், தில்லியில் 1988இல் தொடங்கிய டெல்நெட் போன்ற அமைப்பின் வழியே வேறு நூலகத்திலிருந்து இரவல் கேட்கலாம்.

சீர்காழிக்காரர் போட்ட விதை

கண்டறி தளத்தின் இடப்பக்கத்தில் ஒரு பட்டை தெரியும். மொழி, ஆண்டு, பொருள், ஆசிரியர், நூலா கட்டுரையா என்று பல வகைகள். பத்தாயிரம் முடிவுகள் வந்தாலும் ‘தமிழ்’, ‘1990க்குப் பின்’, ‘நூல்’ என்று மூன்று முறை சொடுக்கினால் நாற்பதாகக் குறைந்துவிடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் 2006 சனவரியில், இணையக் கடைகளில் பயன்பட்ட எண்டெக்கா என்ற மென்பொருளைத் தன் பட்டியலுக்குப் பொருத்தி இந்த வசதியைக் கொண்டுவந்தபோது நூலக உலகம் வியந்து பார்த்தது.

ஆனால் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டிய முகங்களைச் சேர்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்தை நூலகத் துறையில் ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஆள், பொருள், செயல், இடம், காலம் என்ற வகையில் ஐந்து அடிப்படைக் கூறுகளாக எந்த அறிவுத்துறையையும் பகுக்கலாம் என்பது அவர் பின்னர் வகுத்த கொள்கை. 1945இல் காசிக்கும் 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் போய்ப் பணியாற்றியவர் அவர். நம்மைப் போலவே வடக்கே குடிபெயர்ந்த தமிழர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைச் சொல்கிறது அவருடைய நான்காம் விதி. புதிய தேடுமுறைக்கான நியாயமும் அதுவேதான்.

விலைக்கா, விலையில்லாமலா?

கண்டறி தளங்களில் இரண்டு வகை உண்டு. பிரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி, வேர்ல்ட்கேட் டிஸ்கவரி ஆகியவை ஆண்டுக் கட்டணத்துக்குக் கிடைப்பவை. பென்சில்வேனியாவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பிறந்த வூஃபைண்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளாக்லைட் ஆகியவை யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள்கள்.

“சும்மா கிடைக்கும்போது காசு கொடுப்பானேன்?” என்று நிதிக்குழுவில் யாராவது கேட்பார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். இலவசமாகக் கிடைப்பது பேரேட்டை எழுதும் கருவி. பேரேடு அல்ல. நம்முடைய சொந்தப் பதிவுகளை வூஃபைண்டில் போட்டு அழகாகத் தேடலாம். கோடிக்கணக்கான கட்டுரைகளின் மைய அடைவு மட்டும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஆகவே சிறிய நூலகங்கள் இலவச மென்பொருளைப் போட்டுச் சொந்தத் தொகுப்பைச் செம்மையாகக் காட்டுவதும், பெரிய பல்கலைக்கழகங்கள் மைய அடைவை விலைக்கு வாங்குவதும் நடைமுறைக்கு ஒத்துவரும். மென்பொருள் இலவசமானாலும் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், தராசைப் பிடித்திருப்பது யார் என்பது. தரவுத்தளங்களை விற்கும் நிறுவனங்களே கண்டறி தளங்களையும் விற்கின்றன. பிரைமோ, சம்மன் இரண்டும் 2021 முதல் கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. தன் சரக்கை மேலேயும் போட்டியாளரின் சரக்கைக் கீழேயும் காட்டினால் மாணவருக்குத் தெரியவா போகிறது? இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் அமெரிக்கத் தரநிலை அமைப்பான நைசோ 2014இல் நெறிமுறைகளை வெளியிட்டது. எந்தெந்த மூலங்கள் அடைவில் உள்ளன, வரிசைப்படுத்தலில் பாரபட்சம் உண்டா என்று விற்பனையாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வாங்கும் முன் இந்த அறிவிப்பை எழுத்தில் கேட்டு வாங்குவது நூலகக் குழுவின் கடமை.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

முதல் வேலை, வீட்டைச் சுத்தம் செய்வது. பழைய ஓபேக்கில் மறைந்து கிடந்த குப்பையெல்லாம் புதிய தளத்தில் பளிச்சென்று தெரியும். ஓர் எடுத்துக்காட்டு. மார்க் பதிவில் 008 என்ற புலத்தில் 35 முதல் 37 வரையுள்ள இடங்களில் மொழிக் குறியீடு இருக்கும். மென்பொருளில் அது முன்கூட்டியே ‘ஆங்கிலம்’ என்று நிரப்பப்பட்டிருந்து, பதிவு செய்பவர் அவசரத்தில் மாற்றாமல் விட்டால், தமிழ் நூல் ஆங்கில நூலாகிவிடும். ஓபேக்கில் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கண்டறி தளத்தில் ‘தமிழ்’ என்று வடிகட்டினால் அந்த நூல் மாயமாகிப்போகும்.

இரண்டாவது, விற்பனையாளர் காட்டும் மாதிரித் தேடலைப் பார்த்து மயங்காமல், நம் மாணவர்கள் உண்மையிலேயே தேடிய நூறு தேடல்களைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துச் சோதித்துப் பார்ப்பது. அதில் இந்திய மொழித் தேடல்களும் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு பருவமாவது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவது. நாற்பது வருடமாக ஒரு நூலகத்தைப் பயன்படுத்தும் பேராசிரியருக்கு, ஒரு குறிப்பிட்ட நூல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அவர் முன்னே பத்தாயிரம் கட்டுரைகளைக் கொட்டினால் கோபம் வரத்தான் செய்யும். நூல் மட்டும், நூலக அலமாரி மட்டும் என்ற வழியை அவருக்குத் திறந்து வைக்க வேண்டும். நான்காவது, எந்தத் தேடலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை மாதந்தோறும் பார்த்துச் சரிசெய்வது. வெறுங்கையோடு போன வாசகர்தான் நமக்கு ஆசிரியர்.

தமிழ் நூல்களின் கதி

இப்போது நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். தமிழ் நூல் இந்தப் புதிய பெட்டியில் அகப்பட நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் தடை, எழுத்துப் பெயர்ப்பு. தமிழ்நாட்டுக்கு வெளியே பல நூலகங்களில் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில்தான் பதிவாகியுள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி ‘சிலப்பதிகாரம்’ ஆங்கில மூன்றாம் எழுத்தான ‘சி’யில் தொடங்கும். நம் மாணவரோ ‘எஸ்’ போட்டுத் தேடுவார். ‘திருக்குறள்’ அங்கே ‘டி’ மட்டும் போட்டு எழுதப்பட்டிருக்கும், நாம் பக்கத்தில் ‘எச்’ சேர்ப்போம். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. இதற்குத் தீர்வு மார்க்கிலேயே இருக்கிறது. 880 என்ற புலத்தில் மூல எழுத்தில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதி, ரோமன் புலத்தோடு இணைக்கலாம். அந்தப் புலத்தையும் அடைவில் சேர்க்கச் சொன்னால் தமிழில் தட்டினாலும் நூல் வரும்.

இரண்டாவது தடை, குறியாக்கம். ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு ராஜ்யம். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்கு முன் தட்டச்சான பதிவுகளை மாற்றாமல் புதிய தளத்தில் ஏற்றினால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். ஒருங்குறியிலும் கண்ணி உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். ‘ஸ்ரீ’ என்ற எழுத்து இரண்டு வெவ்வேறு வழிகளில் உருவாகிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டியிருப்பதும் சகஜம். இவற்றையெல்லாம் சமன்செய்யும் விதிகளை அடைவு கட்டும்போதே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, தமிழின் சொல்லமைப்பு. ‘இலக்கியம்’ என்று தேடினால் ‘இலக்கியத்தில்’ என்று தலைப்பில் உள்ள நூல் வராது. ‘தமிழ்ச் சங்கம்’, ‘தமிழ்ச்சங்கம்’, ‘தமிழ் சங்கம்’ மூன்றும் கணினிக்கு மூன்று. வேற்றுமை உருபை நீக்கி வேர்ச்சொல்லைக் காணும் நிரல்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. ஆனால் நிறுவும்போது அவற்றைப் போடச் சொல்லிக் கேட்டால்தான் போடுவார்கள்.

நான்காவது, பெயர்கள். உ.வே.சா., உ.வே. சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் எல்லாம் ஒருவரே. கல்கி என்றாலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்றாலும் ஒருவரே. சுஜாதாவும் எஸ். ரங்கராஜனும் அப்படியே. நூலகங்கள் இதற்காகவே பெயர் ஆவணம் ஒன்றை வைத்திருக்கின்றன. எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரே ஆளிடம் கொண்டுசேர்க்கும் கோப்பு அது. புதிய தளம் அதைப் பயன்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேடாமல் கிடைப்பது

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏ.கே. ராமானுஜன் 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போனது பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடி. அங்கே கையில் கிடைத்ததோ உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு. அதிலிருந்து தொடங்கிய மொழிபெயர்ப்புகள் சங்கப் பாடல்களை உலகறியச் செய்தன. எந்தத் தேடுபெட்டியும் அவருக்கு அதைக் காட்டவில்லை, அலமாரிதான் காட்டியது. எனவே புதிய தளத்தில் ஒரு நூலைக் கண்டதும் அதன் இடமும் வலமும் அலமாரியில் என்ன இருக்கிறது என்று காட்டும் வசதி இருக்க வேண்டும். கோஹாவில் அது உண்டு. பலர் அதைத் திறந்து வைப்பதில்லை.

2024 முதல் சில கண்டறி தளங்களில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. கேள்வியைக் கேட்டால் சில கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்துப் பதிலே சொல்லிவிடுகிறது. வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் அடைவில் இல்லாத நூலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தமிழ்ப் பதிவுகள் அடைவில் சரியாக இல்லையென்றால், தமிழில் அப்படியொரு நூலே இல்லை என்கிற மாதிரிப் பதில் வரும். முன்பெல்லாம் நூல் அகப்படவில்லை என்றால் நூலகரைக் கேட்போம். பதிலே கிடைத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

நம்மால் ஆவது

தமிழ்ச் சங்கத்து அன்பர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தின் தேடுபெட்டியில் தமிழில் பத்து நூற்பெயர்களைத் தட்டிப் பாருங்கள். அலமாரியில் இருந்தும் திரையில் வராதவற்றைப் பட்டியலிட்டு நூலகரிடம் கொடுங்கள்; பெரும்பாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். தமிழ் தெரிந்த பதிவாளர்கள் இல்லாத இடங்களில் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 880 புலத்துக்கான தலைப்புகளைச் சரிபார்த்துத் தரலாம். நூல்களை நன்கொடையாகக் கொடுக்கும்போது ஒருங்குறியில் தட்டச்சு செய்த பட்டியலையும் கூடவே கொடுங்கள். புதிய தளம் வாங்கக் குழு அமைத்தால், அதில் இந்திய மொழித்துறை ஒன்றிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

புத்தகத்தை வாங்கி அடுக்குவது பாதி வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் “இதோ இருக்கேன்” என்று அது பதில் சொல்லும்படி செய்வது மீதிப் பாதி. முதல் பாதியை நம் முன்னோர்கள் கஷ்டப்பட்டுச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த பாதிக்குத் தேவை கொஞ்சம் பொறுமையும், கேட்டு வாங்கும் துணிவும்தான்.